நீரில் இறங்கிய உப்பு

போன வாரம் லேபில் இருந்த அந்தச் சின்னப் பெண் என் கையிலிருந்த பிளாஸ்டிக் டப்பியை வாங்கி, வெளிச்சத்தில் ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, "உங்களுதுதானே ஆன்ட்டி?" என்று கேட்டாள். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பின்ன யாருது?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அந்தப் பெண் முகம் சுண்டிப்போய் டப்பியில் என் பெயரை ஒட்டினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு மனசே சரியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு இந்த டப்பி பழகிவிட்டது. தும்மினால் சொட்டுகிறது, பஸ் ஏறுவதற்கு முன் இரண்டு தடவை போக வேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் இப்போது ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிக்கிறோம். வேறு வழி? சிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் சின்ன வயதில் நாம் இந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. வகுப்பில் சுண்டு விரலைத் தூக்கிக் காட்டுவோம், அவ்வளவுதான். அப்படி வாய் திறக்காமல் இருந்து பழகிய பழக்கம் எங்கள் வீட்டில் ஓர் ஆளைக் கொண்டுபோயிற்று.

அப்போது நாங்கள் ஊரிகத்தில் லைன் வீட்டில் இருந்தோம். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்த வீடு. ஒரே கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு குடும்பம், நடுநடுவே மூங்கில் தட்டிதான் சுவர். இந்த வீட்டில் குழந்தை தும்மினால் அந்த வீட்டில் இருந்து "நூறு" என்பார்கள். குழாய் லைனின் ஒரு கோடியில், கக்கூஸ் மறு கோடியில். குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அந்த வருஷம் மழையும் பொய்த்துவிட்டதால் அதுவும் நூல் மாதிரி வந்தது. கக்கூஸ் இருந்த நிலைக்கு, பெண்கள் விடிவதற்கு முன்னால் ஒரு தடவை போய்விட்டு வந்தால் பிறகு பொழுது சாய்ந்துதான். பகலெல்லாம் அடக்கிக்கொண்டு கிடப்போம். அம்மா பகலில் தண்ணீரை உதட்டில் நனைப்பாளே தவிர குடித்து நான் பார்த்ததில்லை. நான் செம்பைத் தூக்கினால் போதும், "குடிக்காத, அப்பறம் ஒண்ணுக்கு வருதுன்னு நிப்ப" என்பாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா ஆழத்தில் இருந்த லெவலில் வேலை பார்த்தார். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறினால் காது அடைத்துக்கொள்ளும் அளவுக்குக் கீழே போக வேண்டுமாம். அங்கே பாறையே சுடும். கோவணமும் ஹெல்மெட்டும் மட்டும்தான் உடம்பில் இருக்கும் என்பார். ஷிப்ட் முடிந்து வேர்வை உடம்போடு மாட்டிக்கொண்டு வரும் பனியனில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்து, துணி காய்ந்த கருவாடு மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். "ஷிப்ட்டு முச்சூடும் ஒரு தடவகூட ஒண்ணுக்கு வராது கண்ணு. எல்லாம் தோலு வழியாவே பூடும்" என்று சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமைகூட இருக்கும்.

வேர்த்துக் கொட்டுகிறவர்களுக்குக் கைகால் இழுத்துக்கொள்ளாமல் இருக்க உப்பு மாத்திரை கொடுப்பார்கள். நைனா மிச்சம் வைத்ததை அரைக்கால் சட்டைப் பையில் கொண்டுவருவார். நான் அதை நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டே பள்ளிக்கூடம் போவேன். உடம்பை விட்டுப் போன உப்பைத் திருப்பிப் போட வேண்டும். எங்கள் லைனில் கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் இந்த வைத்தியம் தெரியும். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்த்தது நான்தான். லைனுக்குப் பின்னால் ஒரு சாக்கடை, அதைத் தாண்டினால் சயனைட் மலை. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் அது, வெள்ளையாக, புல்கூட முளைக்காமல் நிற்கும். ஆண்கள் அந்தச் சாக்கடை ஓரத்தில்தான் நிற்பார்கள். நைனா போய்விட்டு வந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் கொட்டின மாதிரி நுரை நிற்கும். மற்றவர்கள் போன இடத்தில் நிற்காது. அது நைனாவுக்கு இருக்கிற ஏதோ ஒரு விசேஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

லைனில் ஒரு செவலை நாய் இருந்தது. கம்பத்துக்குக் கம்பம் மோந்து பார்த்து, காலைத் தூக்கி இரண்டு சொட்டு விட்டுவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போகும். நைனாவுக்கு அதைப் பார்ப்பதில் அலாதி சந்தோஷம். "பாத்தியா கண்ணு, நாயிக்கி அது கடுதாசி. யாரு வந்தான், யாரு போனான், எல்லாம் அதுல எழுதிக் கீது. இந்த லைன் மொத்தம் அவனுதுன்னு கையெழுத்துப் போட்டுக்கினு போறான். நமக்குத்தான் வூடு சொந்தம் இல்ல. அவனுக்குச் சொந்தம்" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பயம் இருந்தது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

பிறகு முகம் வீங்க ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் கண் இமை இரண்டும் பணியாரம் போல உப்பியிருக்கும். வெயில் ஏற ஏற முகம் வடிந்து, சாயங்காலம் அது காலுக்கு இறங்கிவிடும். பூட்ஸ் நாடாவைக் கட்ட முடியாமல் அவிழ்த்துவிட்டுக்கொண்டு வருவார். அவர் கணுக்காலில் நான் விரலால் அழுத்தினால் குழி விழும். அது நிரம்புகிறதா என்று எண்ணிக்கொண்டே பார்ப்பேன். எனக்கு அது ஒரு விளையாட்டு. நைனாவும் காலை நீட்டிக்கொண்டு, "எத்தினி வரைக்கும் எண்ணுன?" என்று கேட்பார்.

அம்மாதான் பிடிவாதமாகச் சுரங்கத்து டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன். அங்கே இருந்த கம்பவுண்டர் நல்ல மனிதர். நைனாவை ஒரு கண்ணாடிக் குழாயில் சிறுநீர் பிடித்துவரச் சொல்லி, அதை ஸ்பிரிட் விளக்கில் சாய்த்துக் காட்டினார். மேல்பாதி கொதித்தது. கொதிக்கக் கொதிக்கத் தெளிவாக இருந்த நீர் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. காடி வாசனை அடிக்கிற ஏதோ ஒன்றை இரண்டு சொட்டு விட்டார். அப்போதும் வெள்ளை போகவில்லை.

"நீர்ல உப்பு எறங்குது" என்றார் கம்பவுண்டர்.

அம்மா, "எறங்குதுன்னா இன்னாங்க சார்?" என்று கேட்டாள்.

"உடம்புல தங்க வேண்டியது நீரோட வெளிய பூடுது. அடுத்த மாசம் வருஷ மெடிக்கல் வருதில்ல? அப்போ காலையில போற மொத நீரைப் பிடிச்சாந்து குடுங்க. டாக்டர் பாத்து முடிவு பண்ணுவாரு."

அவர் அவ்வளவுதான் சொன்னார். வெளியே வரிசை நின்றுகொண்டிருந்தது. உப்பு என்ற சொல்லை அவர் ஆஸ்பத்திரிப் பேச்சாகச் சொன்னார். கருத்தரித்த பெண்களிடம் இன்றைக்கும் நர்சுகள் அப்படித்தான் சொல்கிறார்கள். அம்மாவோ சுரங்கத்துக்காரனின் பெண்டாட்டியாக அதைக் கேட்டுக்கொண்டாள். உடம்பிலிருந்து உப்பு போகிறது. அப்படியானால் என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே ஆரம்பித்துவிட்டாள். கஞ்சியில் ஒரு கை கல்லுப்பு. தொட்டுக்கொள்ளக் கருவாடு, இல்லாவிட்டால் ஊறுகாய். மோரில் உப்பு. படுக்கப் போகும்முன் இரண்டு உப்பு மாத்திரை. "வேர்வையிலயும் போவுது, நீர்லயும் போவுது. ரெண்டு பக்கமும் போனா உடம்புல இன்னா இருக்கும்?" என்று கேட்பாள். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. நைனா முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். அம்மா ஒரு வேளைகூட மறக்கவில்லை. அவளுக்கு அவர்மேல் அவ்வளவு உயிர்.

அவளுக்கு இன்னொரு சாட்சியும் இருந்தது. லைன் கோடியில் பால்காரம்மா ஒருத்தி மாடு வைத்திருந்தாள். தெலுங்குக்காரி. வெள்ளிக்கிழமை வீடு தெளிக்கக் கோமியம் வேண்டுமென்றால் என்னைத்தான் அனுப்புவார்கள், ஏனென்றால் மாடு வாலைத் தூக்குகிற நேரம் பார்த்துச் சொம்பைப் பிடிப்பதில் நான் கெட்டி. ஒரு நாள் நான் பிடித்தது காபி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. பால்காரம்மா அதைப் பார்த்ததும் கறக்கிற பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, ஆண்டர்சன்பேட்டைக்கு மாட்டு டாக்டரைக் கூட்டிவர ஓடினாள். உண்ணிக் காய்ச்சல் என்று அவர் ஊசி போட்டார், மாடு பிழைத்துக்கொண்டது. "மாடு வாயத் தொறந்து சொல்லாது பாப்பா. மூத்திரம்தான் அதுக்கு வாயி" என்றாள் பால்காரம்மா. மாடு தேறி வந்தபோது அதன் தொட்டித் தண்ணீரில் அவள் கல்லுப்புப் போட்டதை அம்மா பார்த்தாள். அதோடு அம்மாவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

மாட்டு மூத்திரத்தைப் பார்த்த உடனே ஊரைக் கூட்டினார்கள். நைனாவுடையதைக் காட்டுவதற்குத்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பயத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த, சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கிற பம்ப்காரரை அதற்கு முந்தைய மெடிக்கலில் அன்ஃபிட் என்று எழுதிவிட்டார்கள். நெஞ்சு சரியில்லையாம். அன்ஃபிட் என்றால் சுரங்கத்தில் இறங்கக்கூடாது. இறங்காதவனுக்கு லைன் வீடு கிடையாது. அவர்களுடைய சாமான்களை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றி, ரயிலுக்குப் பங்காருபேட்டைக்கு அனுப்பினார்கள். ஆட்டுக்கல் பாரமாக இருக்கிறது என்று வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். பம்ப்காரரின் பெண்டாட்டி வண்டியின் பின்னால் நடந்துகொண்டே எங்கள் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்த ஆட்டுக்கல்லில் மழைத்தண்ணீர்கூட நிற்காமல் செம்மண்தான் நிறைந்தது. நைனா ஷிப்ட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வேலூர்ப் பக்கம் எங்கள் சொந்த ஊரில் எங்களுக்கு ஒரு சாண் நிலம் இல்லை. போனால் எங்கே போவது?

மெடிக்கல் நாள் வந்தது. கம்பவுண்டர் கொடுத்த மருந்துப் புட்டி அலமாரியில் தயாராக இருந்தது. பழைய மிக்சர் புட்டி. வேளைக்கு இவ்வளவு என்று காட்டுவதற்குப் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டி ஒட்டிய காகிதம் பாதி கிழிந்து அப்படியே இருந்தது. கார்க்கு மூடி. கழுத்தில் நூல் கட்டி நைனாவின் டோக்கன் நம்பரை ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போயிருந்தாள். நைனா கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"கண்ணு, நைனாவுக்கு ஒரு ஒத்தாச பண்ணணும். ஒண்ணுக்கு வருதா?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. "அம்மாகூட அப்பவே போய்ட்டு வந்துட்டேன்" என்றேன்.

"இன்னொரு தபா போ. தோ, இந்தப் புட்டியில."

"இது உங்க புட்டியாச்சே நைனா."

"ஆமா கண்ணு. என்னுது சரியில்ல. உன்னுது நல்லா இருக்கும்."

குளிக்கிற மூலையில் ஒரு சாக்குத் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் போய்ப் புட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. "வரல நைனா" என்றேன். அவர் அடுப்புப் பக்கம் பார்த்தார். கஞ்சிக்கென்று அம்மா ஒரு செம்புத் தண்ணீர் மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். வீட்டில் இருந்த தண்ணீரே அவ்வளவுதான். அதைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"குடி."

"அம்மா திட்டுவாங்க."

"நான் பாத்துக்கறேன். முச்சூடும் குடி."

பகலில் தண்ணீர் குடிக்காதே என்று கேட்டே வளர்ந்தவள் நான். ஒரு செம்புத் தண்ணீரையும் மூச்சு முட்டக் குடித்தது அன்றைக்குத்தான். வயிறு குலுங்கியது. பிறகு இரண்டு பேரும் சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தோம். ஷிப்ட், தூக்கம், ஷிப்ட் என்று போகிற மனிதர். அவரோடு நான் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை.

"இன்னும் ஏன் வரல?" என்று கேட்டேன்.

"அவசரப்பட்டா ஆவுமா? குடிச்ச தண்ணி நேரா வெளிய வர்றதுக்கு அது இன்னா குழாயா? மொதல்ல கேஜு ஏறி வயித்துக்கு எறங்கும். அங்கேர்ந்து ரத்தத்தோட சேந்துக்கினு லெவல் லெவலா எல்லா எடமும் சுத்தும். எங்கெங்க அழுக்கு கீதோ அத்த வாரிக்கும். அப்பறம் முதுகாண்ட ரெண்டு பம்ப் கீது. அதுங்க நல்லத நிறுத்திக்கினு, அழுக்க மட்டும் கீழ வுடும்."

"உங்களுக்கும் ரெண்டு பம்ப் இருக்கா?"

"இருக்குது" என்றார். முதுகுப் பக்கம் தடவிக்கொண்டார். பிறகு, "என் பம்ப்காரன் தூங்கிட்டான் போல" என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் எங்கேயும் படித்தவரில்லை, சுரங்கத்தை வைத்து உடம்பைச் சொன்னார். எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று பின்னால் நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன்.

கடைசியில் வந்தது. கையெல்லாம் நனைந்து, புட்டி நிறைந்து வெதுவெதுப்பாக இருந்தது. நைனா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அசிங்கம் பார்க்கவில்லை. "எப்பிடிக் கீது பாரு. தங்கம் மாதிரி கீது" என்றார். வாழ்நாள் முழுக்கத் தங்கத்துக்காகப் பாறையை உடைத்த மனிதர், தங்கத்தைக் கையில் பிடித்துப் பார்த்திருப்பாரா என்று தெரியாது. என் மூத்திரத்தை அப்படிப் பார்த்தார்.

கார்க்கை அடைத்து, செய்தித்தாளில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார். "அம்மாவாண்ட சொல்லக்கூடாது. அவ கம்பவுண்டராண்டயே போய் ஒப்பிச்சுடுவா. அப்பறம் பம்ப்காரரு வூட்டு மாதிரி நாமளும் வண்டி ஏறணும். சத்தியமா?" என்று கையை நீட்டினார். நான் சத்தியம் செய்தேன்.

அம்மா திரும்பி வந்து செம்பைத் தூக்கிப் பார்த்தாள். "கஞ்சிக்கு வெச்ச தண்ணி எங்க?"

"நைனா குடிச்சாரு" என்றேன். என்னை அறியாமல் வாயில் வந்தது.

திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "குடிக்கட்டும், குடிக்கட்டும். உப்பு உடம்புல தங்குனா தாகம் எடுக்கும்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

மெடிக்கலில் நைனா ஃபிட். நெஞ்சில் குழாய் வைத்தார்களாம், குதிக்கச் சொன்னார்களாம், நீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தார்களாம். தெளிந்தது தெளிந்தபடி இருந்ததாம். கம்பவுண்டரே வழியில் அம்மாவைப் பார்த்து, "உப்பு நின்னுடுச்சும்மா, இன்னா பண்ணீங்க?" என்று கேட்டிருக்கிறார். அம்மா தலையைக் குனிந்து சிரித்துவிட்டு வந்தாளாம். என்ன பண்ணினோம் என்று அவள் சொல்லியிருந்தால் போதும். அவர் தலையில் அடித்துக்கொண்டு நிறுத்தச் சொல்லியிருப்பார். அம்மாவுக்குத் தன் பெருமையைத் தானே பேச வெட்கம்.

வீட்டில் அன்றைக்குக் கேசரி கிண்டினாள். "நான் சொல்லல? போன உப்பைப் போட்டேன், நின்னுடுச்சு" என்று தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னாள். நைனா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து கஞ்சியில் உப்பு இரண்டு கையாயிற்று. பலன் தெரிந்த மருந்தை யார் விடுவார்கள்?

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கால் வீக்கம் தொடைக்கு ஏறியது. மூச்சு வாங்கியது. நான் விரலால் அழுத்தின குழி எத்தனை எண்ணியும் நிரம்பவில்லை, எண்ணுவதை நானே நிறுத்திவிட்டேன். சாக்கடை ஓரம் நிற்பார், நிற்பார், ஒன்றும் வராமல் திரும்புவார். அப்படியும் ஷிப்ட்டுக்குப் போனார். ஒரு நாள் கேஜிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள்.

கட்டிலுக்குக் கீழே ஓர் எனாமல் பாத்திரம் வைத்திருந்தார்கள். நீர் எவ்வளவு போகிறது என்று பார்ப்பதற்கு. நான் போகும்போதெல்லாம் குனிந்து அதைத்தான் பார்ப்பேன். அதன் அடியில் நீலப் பூ ஒன்று வரைந்திருக்கும். எப்போது போனாலும் பூ தெரிந்தது.

கம்பவுண்டர் வந்து அட்டையைப் புரட்டினார். "மெடிக்கல்ல கிளீனா இருந்துச்சே. அதுக்குள்ள இப்பிடி எப்பிடி ஆவும்?" என்று டாக்டரிடம் சொன்னார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். நைனா வீங்கிப்போன முகத்தோடு, தலையணையில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக அசைத்தார். வேண்டாம் என்று. நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் யாரிடமும் கேட்டதுமில்லை.

மூன்றாம் நாள் போய்விட்டார். எந்த வீட்டுக்காக அதைச் செய்தாரோ அந்த வீட்டைக் கொஞ்ச நாளில் காலி செய்யச் சொன்னார்கள். ஆண்டர்சன்பேட்டையில் ஓர் ஒற்றை அறைக்குப் போனோம். அம்மா இட்லி சுட்டு விற்றாள். பம்ப்காரர் பெண்டாட்டி திரும்பித் திரும்பிப் பார்த்த கண்தான் எங்கள் குடும்பத்தை முடித்தது என்பது அம்மாவின் கட்சி. "உப்பு எறங்குனத நானே நிறுத்துனேன். அந்தக் கண்ணத்தான் நிறுத்த முடியல" என்று இட்லி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வரும்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் கறிக்கடையிலிருந்து ஆட்டுக் குண்டிக்காய் ஒன்றை, அதாவது சிறுநீரகத்தை, இலையில் சுற்றிக் கொண்டுவந்தார். பெயரைக் கேட்டதும் வகுப்பே சிரித்தது. அவர் பிளேடால் இரண்டாகப் பிளந்து, சிவப்பு எங்கே, வெள்ளை எங்கே, நீர் வடியும் பள்ளம் எங்கே என்று காட்டினார். மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தோம். ஒட்டகம் தண்ணீரைச் சேமிக்கச் சொட்டுச் சொட்டாகத்தான் போகும் என்றார். குருவிக்குத் தனியாக மூத்திரமே கிடையாது, எச்சத்தின் வெள்ளைதான் அது என்றார். எல்லாரும் ஆச்சரியப்பட்டோம். பிறகு சொன்னார்: "முட்ட வெள்ளைக்கரு மாதிரி ஒரு சத்து நம்ம ரத்தத்துல இருக்கு. நல்ல சிறுநீரகம் அத வெளிய விடாது. கெட்டுப்போனா விட்டுடும். ஆஸ்பத்திரில அத உப்புன்னு சொல்லுவாங்க. அது நாம சாப்பிடற உப்பு இல்ல. அந்த நோயாளி உப்பத் தொடவே கூடாது. தொட்டா வீங்கிச் சாவான்."

நான் சுண்டு விரலைத் தூக்கினேன். வெளியே போய்ச் சுவரோரம் நின்றேன். ஒண்ணுக்கு வரவில்லை. அழுகையும் வரவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவள் கையால் போட்ட உப்பு என்று சொல்ல வேண்டும். அதை அவள் நம்பிப் போட்டதற்குக் காரணம் என் புட்டி என்றும் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காக அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு அம்மாவுக்குக் கால் வீங்கியது. பங்காருபேட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். சோதித்துவிட்டு, "யூரின்ல உப்பு போவுதும்மா. சாப்பாட்டுல உப்ப நிறுத்திடுங்க" என்றார் அந்தப் பெண்.

அம்மா சிரித்தாள். "போவுதுன்னா போடணும் இல்லம்மா? எங்கூட்டுக்காரருக்குப் போட்டுத்தான் நிறுத்துனேன்."

"ஐயோ, யாரு சொன்னாங்க? அது வேற உப்பும்மா. இந்த உப்பப் போட்டா அந்தக் காலத்துல ஆள் பிழைச்சிருக்கவே மாட்டாரே" என்றார் டாக்டரம்மா. சீட்டு எழுதுகிற மும்முரத்தில், யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அவர் கவனிக்கவில்லை.

ரயிலில் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சி அவள் முன்னால் வைத்தேன். கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்பிடின்னா மெடிக்கலன்னிக்கி எப்பிடி நின்னுச்சு?"

நான் கஞ்சிச் சட்டியை எடுத்து மூடினேன்.

"அன்னிக்கிக் கஞ்சிக்கு ஒரு செம்புத் தண்ணி வெச்சிட்டுப் போனேன். வந்து பாத்தா காலி. நைனா குடிச்சாருன்னு சொன்ன. அப்போ அவருக்கு ரெண்டு மொணறு குடிச்சாலே வயிறு உப்பிக்கும். ஒரு செம்பு எப்பிடிக் குடிப்பாரு?"

அத்தனை வருஷம் கழித்தும் அவளுக்கு அந்தச் செம்பு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு செம்புக்கும் குழாயடியில் நின்றவள் இல்லையா?

"நான்தாம்மா குடிச்சேன்" என்றேன்.

அவள் கரண்டி நின்றது. செம்பிலிருந்து புட்டிக்கும், புட்டியிலிருந்து உப்புப் போட்ட தன் கைக்கும் அவள் மனசு போய்விட்டு வந்ததை நான் அவள் முகத்தில் பார்த்தேன். அடிப்பாள், அலறுவாள், இல்லை அப்படியே சரிந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பி, நான் இன்னும் பத்து வயதுப் பெண் என்பது போல என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"கொழந்ததான நீ. தாகம் எடுத்திருக்கும்" என்றாள்.

பிறகு கிண்ணத்தைத் தூக்கி, உப்பில்லாத அந்தக் கஞ்சியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.